இலங்கையில் பயிர் இனவிருத்தித் துறையின் பட்டப்பின் ஆராய்ச்சி நிதி

இலங்கையில் பயிர்ப் பிறப்புரிமையியலிலும் இனவிருத்தியிலும் முதுதத்துவமாணி, கலாநிதிப் பட்டங்களுக்கு ஆராய்வோர் பலர், மேற்பார்வையாளர் பெற்ற மானியத்தில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்தே படிக்கின்றனர். மானியம் வழங்கும் தேசிய விஞ்ஞான மன்றமும் விவசாய ஆராய்ச்சிக் கொள்கைச் சபையும் கொழும்பில் உள்ளன. ஆனால் கொழும்புப் பல்கலைக்கழகத்துக்கு விவசாய பீடம் இல்லை. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற கொழும்புப் பகுதி மாணவர் அப்பல்கலைக்கழகத்தில் தாவர விஞ்ஞானம் பயிலலாம். ஆனால் வயல்சார்ந்த இனவிருத்தியை நாடுவோர் பெரும்பாலும் பேராதனையில் 1975 இல் அமைந்த பட்டப்பின் விவசாய நிறுவகத்துக்கே செல்ல வேண்டியுள்ளது.

எப்பயிர் ஆராயப்படும் என்பதைப் பணம் எவ்வளவு காலம் நீடிக்கிறது என்பதே தீர்மானித்து வந்துள்ளது. தேயிலைக்கு 1925 இலும் தெங்குக்கு 1929 இலும் தனி ஆராய்ச்சி அமைப்புகள் தோன்றின. ஏற்றுமதியில் அறவிடப்பட்ட செஸ் வரி அவற்றைத் தாங்கியது. நெல்லுக்கு அரசே முன்வந்தது. 1952 இல் பத்தலகொடவில் தொடங்கிய நெல் இனவிருத்தி நிலையம், முருங்கைக்காயன் 302 ஐ இந்தோனேசியாவின் ‘மாஸ்’ இனத்துடன் கலந்து, 1950களின் இறுதியில் எச்-4 ஐ வெளியிட்டது. அங்கே உருவான பிஜி 90-2 நெல் இனம் மேற்கு ஆபிரிக்க வயல்கள்வரை சென்றது. மூன்று, நான்கு மாதங்களில் விளையும் நெல்லில், குறுகிய மானியக் காலத்துக்குள்ளேயே மாணவர் பல தலைமுறைகளைப் பார்த்துவிடலாம்.

பனைக்கு அந்த வசதி இல்லை. அது பூக்கப் பத்தாண்டுக்கு மேல் செல்லும்; அதுவரை ஆணா பெண்ணா என்று கண்ணால் அறிய முடியாது. 1978 இல் உருவான பனை அபிவிருத்திச் சபை முதன்மையாக உற்பத்தியையும் கைப்பணியையும் நோக்கியது. மக்களின் பிரதான உணவு நெல் என்பதால் அதற்கு முன்னுரிமை நியாயமே என்பர். முன்னுரிமை சரிதான், ஆனால் நீண்டகாலப் பயிர்களுக்கு நிலையான நிதி ஒதுக்காமலிருக்க அது காரணமாகாது. டிஎன்ஏ குறிப்பான்கள் கால இடைவெளியைக் குறைக்கும் என்ற வாதமும் உண்டு. அக்குறிப்பான்களைச் சரிபார்க்க வயதும் வம்சமும் பதிவான மரங்கள் வேண்டும். அவற்றை வளர்த்துக் காப்பது எந்த மாணவரின் பட்டக் காலத்திலும் அடங்காது. தெங்கு ஆராய்ச்சி அமைப்பு உள்ள லுணுவிலவில் ஆய்வு தொடர்ந்ததற்குக் காரணம் அங்கே தோட்டமும் ஊழியரும் நிரந்தரமாக இருந்ததே. பனை ஆராய்ச்சிக்கும் அதே ஏற்பாடு முதலில் வேண்டும். மாணவர் உதவித்தொகை அதன்மேல்தான் பயன்தரும்.

வெளிநாட்டு வாய்ப்புகளில் பொதுநலவாயப் புலமைப்பரிசிலும் பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவகமும் குறிப்பிடத்தக்கவை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் உள்நாட்டு நிதி மேலும் இறுகியது.