தாளம் தந்த கைகள்

பாட்டுக்கு உயிர் எது என வினவின், பொருள் என்பார் சிலர். பண் என்பார் சிலர். பொருள் விளங்காத பருவத்துக் குழந்தையும் தாலாட்டின் அசைவில் கண்ணயர்கின்றது. பண்ணின் பெயரறியாத உழவரும் ஏற்றப் பாட்டின் இழுப்பில் களைப்பை மறந்தனர். எனவே, பொருளுக்கும் பண்ணுக்கும் முன்னே சென்று செவி வழியாக உடலைப் பற்றிக்கொள்வது தாளமே என்பது நம் கருத்து. அத்தாளத்தின் வரலாற்றை ஆராயப் புகுந்தால், அது நம் முன்னோருடைய கைகளின் வரலாறாகவும் விரிகின்றது. நம் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், இளைஞர்கள் அறிய வேண்டிய செய்தியாக அதனைச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

ஓசையே ஏடு

தமிழ் இலக்கணம் எழுத்தையே காலத்தால் அளக்கின்றது. கண்ணிமைக்கும் நேரமும் விரல் நொடிக்கும் நேரமுமே ஒரு மாத்திரை எனத் தொல்காப்பியம் வரையறுத்தது. குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2, மெய்க்கு அரை. எழுத்து அசையாகி, அசை சீராகி, சீர் அடியாகும்போது பாட்டின் நடை பிறக்கின்றது. வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியப்பாவுக்கு அகவல், கலிப்பாவுக்குத் துள்ளல், வஞ்சிப்பாவுக்குத் தூங்கல் எனப் பாவின் வகையையே ஓசையால் பிரித்தறிந்தனர் நம் முன்னோர்.

ஏடும் எழுத்தாணியும் எட்டாத மக்களுக்கு இவ்வோசையே ஏடாயிற்று. ஏற்றம் இறைத்தவர்கள் இறைத்த சாலின் எண்ணிக்கையைப் பாட்டிலேயே எண்ணி வந்தனர். நடவுப் பெண்களின் பாட்டு, பல கைகளை ஒரு கையாக இயக்கியது. வகுப்பறையிலும் இதனைக் காணலாம். வாய்பாட்டை ஓசையோடு ஒப்பிக்கும் மாணவனை இடையில் நிறுத்தி ஒன்றை வினவினால் தடுமாறுகின்றான்; முதலிலிருந்து தொடங்கவிட்டால் தடையின்றிச் சொல்லி முடிக்கின்றான். ஆசிரியப் பணியில் நாம் பன்முறை கண்ட உண்மை இது. ஒன்றன்பின் ஒன்றாக வருவதைத் தாளம் முடிச்சிட்டு வைக்கின்றது. முடிச்சைப் பிடித்து மனம் நடக்கின்றது.

இது பழக்கத்தால் மட்டும் வருவதன்று. பிறந்து சில நாள்களே ஆன குழந்தைகளுக்கு முழவொலியைக் கேட்பித்து, அவர்கள் உறங்கும்போதே மூளையின் மின்னலைகளை அளந்த ஓர் ஆய்வு 2009இல் வெளிவந்தது. தாளத்தின் முதன்மையான அடியை வேண்டுமென்றே விட்டபோது, அக்குழந்தைகளின் மூளை அக்குறையை உணர்ந்து துணுக்குற்றதாம். அடுத்த அடி எப்போது விழும் என எதிர்நோக்குவதே தாளத்தைக் கேட்கும் மனத்தின் இயல்பு. தாளம் கேட்கும்போது, கைகால் அசையாமல் அமர்ந்திருப்பவரின் மூளையிலும் அசைவை ஆளும் பகுதிகள் விழித்தெழுகின்றன என்பதும் இந்நூற்றாண்டின் ஆய்வுகள் காட்டும் உண்மை. பறையொலி கேட்டதும் கால் தானே எழுவதன் காரணம் இப்போது விளங்குகின்றதன்றோ?

திணைக்கொரு பறை

‘பறை’ என்னும் சொல்லுக்குக் கருவி என்பதோடு ‘சொல்’ என்பதும் பொருள். மலையாள மொழியில் ‘பறய’ என்னும் வினை இன்றும் பேசுதலையே குறிக்கின்றது. தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள்களை எண்ணும்போது, தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் வைத்து எண்ணுகின்றது. குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரி கிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி எனப் பின்வந்தோர் வகுத்துரைத்தனர். உணவின்றி நிலம் இல்லாதவாறு போலப் பறையின்றியும் நிலம் இல்லை என்பதே இதன் கருத்து.

புறநானூற்றில் மாங்குடி கிழார், துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நான்கு குடிகளையே சிறந்த குடிகளாகக் கூறினார். முரசுக்குரிய கட்டில் என்றறியாமல் அதில் துயின்ற மோசிகீரனாரை வாளால் வெட்டாது, சேரமான் விசிறி எடுத்து வீசினான் என்ற செய்தியும் அத்தொகையில் உண்டு. ஆயினும் வரலாற்றை ஒரு பக்கம் மட்டும் படித்தல் தகாது. துடி கொட்டுவோனைத் தாழ்த்தி விளிக்கும் சொற்களும் அதே புறநானூற்றில் இடம்பெற்றுள்ளன. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறிக்கப்பெற்ற தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலோ ‘பறைச்சேரி’யும் ‘தீண்டாச்சேரி’யும் தனித்தனியே சுட்டப்படுகின்றன. கருவிக்குச் சிறப்பும் கருவியாளனுக்குத் தாழ்வும் எனக் காலம் இரண்டாகப் பிளந்த சுவடுகள் இவை.

தோல் உள்ளே, ஆள் வெளியே

இப்பிளவைத் தெளிவாகக் காட்டும் சான்று பெரியபுராணத்தில் உள்ளது. ஆதனூர்த் திருநாளைப்போவார், கோயிற் பேரிகை முதலிய கருவிகளுக்குப் போர்வைத் தோலும் விசிவாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்துவந்தார் என்று 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடினார். அவர் தந்த தோல் கருவறைக்கு அருகே முழங்கிற்று. தந்தவர் வாயிலுக்கு வெளியே நின்றார். இசையின் வரலாற்றில் நம் இடம் எதுவென்று வினவுவோருக்கு இந்த ஒரு காட்சி போதும்.

மிருதங்கத்தை எடுத்துக்கொள்வோம். பலாமரத்தைக் குடைந்து, பசு, ஆடு, எருமை ஆகியவற்றின் தோல்களைப் பதப்படுத்தி, இழுத்துக் கட்டி, வலந்தலையில் கருஞ்சோறு அப்பித் தேய்த்து உருவாக்கும் கருவி அது. வெறுந்தோலைத் தட்டினால் எழும் ஒலிகள் ஒன்றோடொன்று இயையா. கருஞ்சோற்றின் கனம் நடுவில் ஏறும்போது அவ்வொலிகள் சுருதியோடு இயைந்து ஒலிக்கின்றன. சர் சி.வி. இராமன் இதனை 1920இலும் 1934இலும் ஆராய்ந்து உலகறியச் செய்தார். அறிவியலறிஞர் விளக்குவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே, அதனைச் செவியாலும் விரலாலும் கண்டறிந்து செய்து முடித்தவர்கள் தோல்வினைஞர்கள். அவர்கள் பெயரை எந்த மேடையும் அறிவித்ததில்லை. டி.எம். கிருஷ்ணா 2020இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்னும் ஆங்கில நூலில் மிருதங்கம் செய்வோரின் வரலாற்றை எழுதினார். அவர்களுட் பலர் தலித் கிறித்தவர்கள். கச்சேரியைக் கேட்ட செவிகள் ஆயிரம். கருவி செய்த கையைக் கண்ட கண்களோ மிகச் சில.

உருகிய மனமும் திறவாத கதவும்

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அத்திருநாளைப்போவாரின் வரலாற்றை நந்தனார் சரித்திரக் கீர்த்தனையாக இயற்றினார். கீர்த்தனையோடு நொண்டிச் சிந்து முதலிய எளிய மெட்டுகளும் அமைந்தமையால் அது ஊரூராகப் பரவியது. கேட்டோர் கண்ணீர் உகுத்தனர். ஆயினும் அக்கண்ணீர் எந்தக் கோயிற் கதவையும் திறக்கவில்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் பி. கக்கன் உள்ளிட்டோர் நுழைந்தது 1939 சூலை 8ஆம் நாளில்தான். அதற்கு இயக்கம் வேண்டியிருந்தது. நுழைந்தோரைக் காக்கச் சட்டமும் வேண்டியிருந்தது. இசை மனத்தை இளக்கும். இளகிய மனத்தில் நீதியை ஊன்றுவதற்குக் கல்வியும் போராட்டமும் வேண்டும். இதனை நம் இளைஞர்கள் மறத்தலாகாது.

இதனை முன்னரே உணர்ந்தவர் இரட்டைமலை சீனிவாசன். இழிவென்று பிறர் கருதிய பெயரையே தலைப்பாக்கி, ‘பறையன்’ என்னும் இதழை 1893இல் அவர் தொடங்கினார். சொல்லும் கருவியும் ஒன்றேயான அப்பெயர், மீண்டும் சொல்லும் கருவியாகவே ஆயிற்று.

கட்டாயமும் கலையும்

இனி, நம் குடும்பங்களில் இன்றும் நடக்கும் ஒரு வழக்கைக் குறிப்பிடுவோம். பறையைத் தொடவே கூடாது என்கின்றனர் பெரியோர் சிலர். பறையைக் கற்போம் என்கின்றனர் இளைஞர் பலர். பெரியோரின் சினம் நியாயமானது. பிறர் வீட்டுச் சாவுக்கு அழைப்பின்றி ஆணையாகவே ஆள்வந்து, மறுத்தால் அடியும் ஊர்விலக்கும் பெற்றவர்கள் அவர்கள். கூலி கேட்க உரிமை இல்லாத இடத்தில் கொட்டியது கலையன்று. அது கட்டாய ஊழியம். பறையைக் கீழே வைத்த அந்தக் கைகளே நமக்குப் பள்ளியின் படிகளைக் காட்டின. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, 17ஆம் பிரிவால் தீண்டாமையையும் 23ஆம் பிரிவால் கட்டாய ஊழியத்தையும் விலக்கியது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அத்தகைய ஊழியத்தைக் குற்றமாக்கியது. எனவே, ‘கொட்ட மாட்டோம்’ என்று சொல்வது நம் உரிமை.

கொட்டுவோம் என்பதும் நம் உரிமையே. திண்டுக்கல்லில் 1990இல் தொடங்கிய சக்தி கலைக்குழுவில் தலித் இளம்பெண்களே பறையை ஏந்தி ஆடினர். சாவு வீட்டு வாயிலில் நின்ற கருவி விழா மேடையேறியது. அலங்காநல்லூர்ப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மசிறீ விருது அறிவிக்கப்பெற்றது. கட்டாயத்தை மறுத்த பெரியோரும் கலையை ஏந்தும் இளைஞரும் செய்வது ஒரே செயல். எப்போது, எங்கே, யாருக்காக ஒலிப்பது என்பதைக் கருவியாளனே முடிவு செய்தல் வேண்டும் என்பதே அச்செயல்.

ஆகவே இளைஞர்களுக்கு நாம் வேண்டுவன மூன்று. பறையைக் கற்பவர் அதன் அடவுகளையும் அடிகளையும் குறிப்பேட்டில் எழுதிவைத்தல் வேண்டும். எழுதப்படாத கலை எளிதில் பிறர் பெயருக்கு மாறிவிடும். வீட்டிலுள்ள முதியோரிடம் நடவுப் பாட்டையும் ஒப்பாரியையும் கேட்டு, பாடியவர் பெயரோடு பதிவு செய்தல் வேண்டும். தோல் காயும் வகையையும் தீயில் காட்டினால் ஈரம் நீங்கிச் சுருதி ஏறும் வகையையும் இயற்பியல் பாடத்தோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். கைக்கு இருந்த அறிவு ஏட்டுக்கும் வருமானால், நாளை தாளத்தைக் கேட்கும் மனம் தாளம் தந்த கையையும் காணும். இச்சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் அப்பணிக்கு உரியனவாகுக.