கோலாவில் கலந்த கொழுப்பு

அமெரிக்காவின் அட்லாண்டா, கோகோ கோலா பிறந்த ஊர். லித்துவேனியாவிலிருந்து வந்து அங்கே ரப்பியாக (யூத மதகுருவாக) இருந்தவர் டோபியாஸ் கெஃபன். யூதர்கள் கோலா குடிக்கலாமா என்று பல ஊர்களிலிருந்தும் அவருக்குக் கடிதம் வந்துகொண்டே இருந்தது. வேறு சில ரப்பிகள் விசாரிக்காமலேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். கெஃபனோ, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் தீர்ப்புச் சொல்ல மறுத்தார்.

கம்பெனியோ தன் செய்முறையை வங்கிப் பெட்டகத்தில் பூட்டி வைத்திருந்தது. யாரிடமும் சொல்வதில்லை என்று கெஃபன் வாக்குக் கொடுத்த பிறகு, அளவுகள் இல்லாமல் மூலப்பொருள்களின் பெயர்ப் பட்டியல் மட்டும் கைக்கு வந்தது. அதில் கிளிசரின் இருந்தது. விசாரித்தால், யூத முறைப்படி அறுக்காத மாட்டின் கொழுப்பிலிருந்து எடுத்தது!

கலந்த அளவு மிகச் சொற்பம்தான். விலக்கான பொருள் தவறி விழுந்து அறுபதில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் யூதச் சட்டம் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் தெரிந்தே கலப்பதற்கு அந்தச் சலுகை கிடையாது என்றார் கெஃபன். கம்பெனி இறங்கி வந்து தாவர எண்ணெய்க் கிளிசரினுக்கு மாறியது. பாஸ்கா பண்டிகையில் ஆகாது என்பதால், கோலாவில் இருந்த, தானியத்திலிருந்து வடித்த ஆல்கஹாலுக்கும் மாற்று வந்தது. 1935இல் அனுமதித் தீர்ப்பை எழுதியபோது, மூலப்பொருள்களுக்குப் புனைபெயர் இட்டு எழுதி, கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்.

அந்நாளைய ஐரோப்பிய யூதச் சிற்றூர்களில் இந்தத் தலைவலி இல்லை. இறைச்சி வெட்டுபவர் யார், ரொட்டி சுடுபவர் யார் என்று ஊருக்கே தெரியும். அமெரிக்காவில் டின்னையும் புட்டியையும் நிரப்பியவரின் முகம் தெரியாது. கோஷர், அதாவது யூத உணவு விதிக்கு ஏற்றது, என்று பொய் சொல்லி விற்பதைக் குற்றமாக்கி நியூயார்க் மாநிலம் 1915இல் சட்டம் போட்டது. 1925இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆனால் ஆலைக்குள் போய்ப் பார்க்க ஆள் வேண்டுமே?

அந்த வேலையைச் சான்றளிக்கும் அமைப்புகள் எடுத்துக்கொண்டன. 1923இல் ஹைன்ஸ் நிறுவனத்தின் பீன்ஸ் டின்னில், வட்டத்துக்குள் ‘யூ’ எழுத்துக் கொண்ட ஆர்த்தடாக்ஸ் யூனியன் முத்திரை ஏறியது. எபிரேய எழுத்தோ ‘கோஷர்’ என்ற சொல்லோ இல்லாத முத்திரை. மற்ற வாடிக்கையாளர்கள் மிரளமாட்டார்கள் என்ற வியாபாரக் கணக்கு அதில் இருந்தது. ஏப்ரகாம் கோல்ட்ஸ்டைன் என்ற வேதியியலாளர் 1935இல் தனியாக இன்னொரு சான்று அமைப்பையே தொடங்கினார். ரப்பிக்கு வேதநூலோடு வேதியியலும் தேவைப்பட்ட காலம் அது.

ரப்பிகள் தயாரிப்பாளர் பேச்சை அடியோடு ஒதுக்கியதும் இல்லை. கண்காணிக்காத பாலில் விலக்கான விலங்கின் பால் கலந்திருக்கலாம் என்பது பழைய அச்சம். கலப்படம் செய்தால் அரசு அபராதம் போடும், வியாபாரம் படுத்துவிடும் என்று கம்பெனிக்குப் பயம் உண்டு. அந்தப் பயமே காவலுக்குச் சமம் என்று நியூயார்க் ரப்பி மோஷே ஃபைன்ஸ்டைன் 1950களில் தீர்ப்பளித்தார். பொய் சொன்னால் நஷ்டப்படுகிறவன் பேச்சை நம்பலாம் என்பதே அதன் சாரம். எனினும் ஆச்சாரமான பலர் இன்றும் கண்காணித்துக் கறந்த பாலையே வாங்குகிறார்கள்.

உண்மையை மட்டுமே அச்சிட்ட லேபிளும் முழுக்கதையைச் சொல்லாது. ஓரியோ பிஸ்கட்டின் கிரீமில் ஒரு காலத்தில் பன்றிக் கொழுப்பு இருந்தது. அதை எடுத்த பிறகும், பழைய கொழுப்பு ஊறிய அடுப்புகளையும் கன்வேயர் பட்டைகளையும் தீச்சுடரால் சுட்டுச் சுத்திகரித்த பிறகே, 1997 இறுதியில் பிஸ்கட்டுக்குக் கோஷர் சான்று கிடைத்தது. எந்த இயந்திரத்தில் முன்பு என்ன ஓடியது என்று எந்தப் பொருள் பட்டியலிலும் அச்சிடுவதில்லை.

முத்திரைகளிலும் தரம் பார்க்க வேண்டியிருக்கிறது. வெறும் ‘கே’ எழுத்தை அமெரிக்காவில் யாரும் வணிகக்குறியாகப் பதிவு செய்ய முடியாது. அதன் பின்னால் கறாரான ரப்பி இருக்கலாம், தயாரிப்பாளரின் சொந்த வாக்கு மட்டுமேகூட இருக்கலாம். கோஷர் பார்த்து வாங்குபவர்கள் அந்த எழுத்தைக் கண்டால், சான்றளித்தவர் யார் என்று கம்பெனியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் சரி.