லேசர் முடி நீக்கம்: மாநிறத் தோலுக்கு எது பாதுகாப்பு?

'நிரந்தர முடி நீக்கம்' என்ற விளம்பரங்களை நம்பி லேசர் சிகிச்சைக்குச் செல்வோர், முடி முற்றிலும் மறைந்துவிடும் என எதிர்பார்ப்பதுண்டு. ஆனால், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதை 'நிரந்தர முடி குறைப்பு' என்றே குறிப்பிடுகிறது.

முடியிலுள்ள மெலனின் நிறமி லேசர் ஒளியை உறிஞ்சி வெப்பமாக மாற்ற, அவ்வெப்பம் முடியின் வேர்ப்பகுதியைச் சிதைக்கிறது. இந்தியர்கள் பலருக்குத் தோலிலும் இந்நிறமி மிகுதி என்பதால் தீக்காயம், கருந்திட்டு ஏற்படும் அபாயம் உண்டு. 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட் லேசரைக் காட்டிலும், மேல்தோல் நிறமி குறைவாக உறிஞ்சும் 1,064 நானோமீட்டர் என்டி-யாக் லேசரே கருநிறத் தோலுக்குப் பாதுகாப்பானது. கட்டணத்தை விசாரிக்கும் முன் கருவியை விசாரிப்பது நல்லது.

வளர்ச்சி நிலையிலுள்ள முடி மட்டுமே அழியும் என்பதால், சில வார இடைவெளிகளில் பொதுவாக ஆறு அமர்வுகளேனும் தேவைப்படும். ரப்பர் வளையத்தால் சுண்டியது போன்ற வலியும், சிறிது நேரச் சிவப்பும் இயல்பு, கொப்புளம் இயல்பன்று. நரைமுடிக்குப் பலனில்லை. சிகிச்சைக்கு முந்தைய வாரங்களில் வேக்சிங், த்ரெட்டிங் கூடாது, ஷேவிங் செய்யலாம்.

முகவாயில் அடர்ந்த முடி வளரும் பெண்கள், பிசிஓஎஸ் உள்ளதா என முதலில் பரிசோதிக்க வேண்டும். ஹார்மோன் கோளாறு சீராகாதவரை புதிய முடி முளைத்தபடியே இருக்கும். அரிதாகச் சிலருக்கு முகத்திலும் கழுத்திலும் சிகிச்சைக்குப் பின் முடி அதிகரிப்பதும் உண்டு. அந்நிலையில் சிகிச்சையைத் தொடர்வதா என்பதைத் தோல் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.