தோபாவின் சாம்பல்

அசாம் ஜாவாவில் எந்தச் செம்பனைத் தோட்டத்தில் பாரிட் வெட்டினாலும் எரிமலைச் சாம்பல் கிடைக்காது. கோல சிலாங்கூர்க் கரையோரக் களிமண் வயதில் இளையது. கடலும் ஆறும் கொண்டுவந்து சேர்த்த வண்டல், சில ஆயிரம் ஆண்டுகளில் நிலமானது. இந்த வாரம் நாம் தேடிப்போகும் சாம்பல் அதைவிடப் பல மடங்கு மூத்தது. இதே சிலாங்கூரில் செர்டாங்கில் அது அகப்பட்டிருக்கிறது. பேராக் மாநிலத்து லெங்கோங் பள்ளத்தாக்கில் சில இடங்களில் மீட்டர் கணக்கில் படிந்து கிடக்கிறது.

வெளிறிய நிறம். விரலிடுக்கில் தேய்த்தால் நைசாகத்தான் இருக்கும், ஆனால் லேசாக நறநறக்கும். உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால், எதுவும் எரிந்து மிஞ்சிய சாம்பல் அல்ல அது என்பது விளங்கும். அத்தனையும் கண்ணாடிச் சில்லுகள். ஓரங்கள் வளைந்திருக்கும். சில சில்லுகள் மூன்று கிளையாகப் பிரிந்திருக்கும். உருகிய பாறைக்குள் வாயு பொங்கிக் குமிழி குமிழியாக வெடித்தபோது சிதறிய குமிழிச் சுவர்கள் அவை.

இவை புறப்பட்ட இடம் மலாக்கா நீரிணைக்கு அப்பால், சுமத்திராவின் தோபா ஏரி. கோல சிலாங்கூரிலிருந்து நேர்க்கோட்டில் 300 கிலோமீட்டர்கூட இல்லை. ஏறத்தாழ கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் உள்ள வான்வழித் தூரம்தான். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே நடந்தது, கடந்த இருபது லட்சம் ஆண்டுகளில் பூமி கண்ட மிகப் பெரிய எரிமலை வெடிப்பு. வெளியே வந்த பாறைக்குழம்பு சுமார் 2,800 கன கிலோமீட்டர் என்பது நிலவியலாளர் கணக்கு.

நெருப்புக்கு மூலம் கடலடியில் இருக்கிறது. தமிழகத்தைத் தாங்கியிருக்கும் அதே இந்தியத் தட்டு, வங்காள விரிகுடாவுக்கு அடியில் கிழக்கே நீண்டு, சுமத்திராவின் மேற்குக் கடலில் மடங்கி உள்ளே இறங்குகிறது. வேகம் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 செ.மீ. நீர் ஊறிய பாறை அல்லவா இறங்குவது? சுமார் 100 கி.மீ. ஆழத்தில் அந்த நீர் பிழிபட்டு மேலேயுள்ள பாறைக்குள் புகுகிறது. நீர் சேர்ந்த பாறை குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். உருகியது எடை குறைந்து மேலேறும். புக்கிட் பாரிசான் மலைத்தொடர் நெடுக எரிமலைகள் வரிசையாக நிற்பது இதனால்தான். நம் தீபகற்பம் அந்த விளிம்பிலிருந்து தள்ளியிருக்கிறது. செலாயாங்கிலும் உலு சிலாங்கூரிலும் ஊறும் சுடுநீரைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டாம். அது பூமியின் இயல்பான ஆழச் சூட்டில் காய்ந்து, பாறைப் பிளவு வழியே திரும்பி வரும் மழைநீர்.

சாதாரண எரிமலை வாய் வெடிப்பின் வேகத்தில் தோண்டப்படுவது. அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டர்தான். தோபாவோ 100 கி.மீ. நீளம், 30 கி.மீ. அகலம், சுமார் 500 மீட்டர் ஆழத்துக்கு நீர். இவ்வளவு பெரிய நிலத்தை எந்த வெடிப்பும் தூக்கி எறியவில்லை. அது உள்ளே விழுந்தது. பீட் மண்ணில் பாரிட் வெட்டி நீரை வடித்தால் தரை அமுங்கி, வேர் வெளியே தெரியச் செம்பனை சாய்ந்து நிற்பதை வட சிலாங்கூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாங்கிக்கொண்டிருந்தது வெளியேறினால் மேலே இருப்பது இறங்கித்தான் ஆக வேண்டும். பாறைக்குழம்பு வெளியேற வெளியேற, அதன் கூரையாக இருந்த நிலம் இடிந்து இறங்கியது. அப்படி உண்டான பெரும்பள்ளத்தைக் கால்டெரா என்பார்கள். மழைநீர் நிறைந்து அது ஏரியானது.

அந்த நாளில் இந்தப் பக்கம் மனிதர் இருந்தார்களா? லெங்கோங்கை அடுத்த கோத்தா தம்பானில் 1938-இல் எச். டி. காலிங்ஸ் தோண்டினார். 1987-இல் பேராசிரியர் சுரைனா மஜீத் அங்கே திறந்து காட்டியது ஒரு முழுக் கல் பட்டறை. அடைகல், அடிக்கும் கல், பாதி செதுக்கிய ஆயுதம், சுற்றிலும் சிதறிய சில்லுகள், எல்லாம் வேலை நடந்த நிலையிலேயே கிடந்தன. தோபாவின் சாம்பல் பொழிந்ததால் ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடினார்கள் என்பது அவர் முடிவு. 2012-இல் யுனெஸ்கோ லெங்கோங் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. நம் தமிழ்ப்பள்ளிகள் மாணவர்களைக் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போவதில் குறையில்லை. ஒரு வருடமாவது பேருந்தை லெங்கோங்குக்குத் திருப்ப வேண்டும் என்பது என் வேண்டுகோள். காட்டுவதற்கு அங்கே அருங்காட்சியகமும் இருக்கிறது.

சாம்பல் வங்கக் கடலையும் தாண்டியது. ஆந்திரத்தின் ஜ்வாலாபுரத்தில் அதன் படிவுக்குக் கீழேயும் மேலேயும் ஒரே வகைக் கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. அவற்றைச் செய்தவர்கள் அந்தப் பேரழிவுக்குப் பிறகும் பிழைத்திருந்தார்கள் என்று 2007-இல் மைக்கேல் பெட்ராக்லியாவின் குழு வாதிட்டது. உலகம் முழுவதும் மனித இனம் அழிவின் விளிம்புக்குப் போனது என்ற பழைய கருத்தை என்னால் ஏற்க முடியாததற்கு அந்தக் கற்களே காரணம்.

தோபா ஓய்ந்துவிடவில்லை. ஏரி நடுவே நிற்கும் சமோசிர் தீவின் மேட்டில் ஏரியடி வண்டல் காணப்படுகிறது. அடியிலிருந்து மறுபடி பாறைக்குழம்பு தள்ளியதால் ஏரித்தரையே உயர்ந்து தீவானது.

இவையெல்லாம் எழுத்து தோன்றும் முன் நடந்தவை. நாள், மணி, நிமிடத்தோடு பதிவான வெடிப்பு 1883 ஆகஸ்டு 27 காலை 10 மணியளவில் நடந்த கிரக்கத்தோவாவுடையது. ஜாவாவுக்கும் சுமத்திராவுக்கும் இடையே 36,000-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற அந்த வெடிப்பு கிளப்பிய கடலலையின் மிச்சம் நாகப்பட்டினத்து அலைமானியிலும் பதிந்தது. மலாயாவுக்குக் கூலிக் கப்பல்கள் புறப்பட்ட அதே துறைமுகம். அந்தப் பதிவிலிருந்து அடுத்த வாரம் தொடர்வோம்.