80,000 கலம் நெல்

காவிரிக்கரைச் சபைகள் – 14

தஞ்சைக் கோட்டைக்குள் நெல் தீர்ந்துகொண்டிருந்தது. 1780-இல் கர்நாடகத்துக்குள் புகுந்த ஹைதர் அலியின் படை, அடுத்த ஆண்டே காவிரி நாட்டையும் சூறையாடிவிட்டது. கோட்டைக்குள்ளே படைவீரர்கள், அவர்களின் குடும்பங்கள், உயிர் தப்பி ஓடிவந்த கிராமத்து ஜனங்கள். பட்டினிச் சாவு தெருவுக்கு வந்துவிட்டது.

நெல்லே இல்லை என்று சொல்ல முடியாது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் இருந்தது. அதைச் சுமந்து வர மாடுகள் வேண்டும். மாடு வைத்திருந்த குடியானவர்களோ வர மறுத்தார்கள். முன்பு கொண்டுவந்து கொடுத்த தானியத்துக்கே அவர்களுக்குப் பணம் வந்து சேரவில்லை. அரண்மனை ஓலைக்கும் மதிப்பில்லை, கும்பெனி உத்தரவுக்கும் மதிப்பில்லை என்றாகிவிட்டது.

மன்னர் துளஜாஜிக்கு அப்போது ஒரு யோசனை தோன்றியது. தன் பேச்சையும் ஆங்கிலேயர் பேச்சையும் இனி யாரும் நம்பப்போவதில்லை. சுவார்ட்ஸ் ஐயரின் பேச்சையாவது ஜனங்கள் நம்புகிறார்களா, பார்த்துவிடலாம் என்றார். ஐயருக்கு ஆள் போயிற்று. கொண்டுவரும் நெல்லுக்குத் தன் கையாலேயே பணம் தருவதாக அவர் ஊர் ஊராகச் சொல்லியனுப்பினார். இரண்டொரு நாளில் 1,000 மாடுகள் வந்து சேர்ந்தன. மொத்தம் 80,000 கலம் நெல் கோட்டைக்குள் இறங்கியது. கலத்துக்கு 12 மரக்கால் என்பது டெல்டாக்காரர்களுக்குத் தெரிந்த கணக்கு. நெல் கொண்டுவந்தவர்களுக்கு உரிய பணத்தைக் கொடுத்ததோடு, பழைய பாக்கியையும் தீர்த்துவைத்தார் ஐயர். கோட்டை பிழைத்தது.

கிறிஸ்டியன் ஃபிரடரிக் சுவார்ட்ஸ் நெல் கொள்முதல் செய்வதற்காகக் கப்பலேறி வந்தவர் அல்ல. பிரஷ்ய நாட்டின் சோனன்பர்க்கில் 1726-இல் பிறந்து, ஹாலேயில் படித்து, 1750-இல் தரங்கம்பாடி மிஷனுக்கு வந்தவர். சுவிசேஷம் சொல்வதும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதும் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. ஒரு மிஷனெரி நெல் மூட்டைக்கும் மாட்டுக் கூலிக்கும் கணக்குப் பார்க்கலாமா? அது ஊழியமா, உலக வேலையா?

இந்தக் கேள்வி ஏற்கெனவே ஒருவருடைய மனத்தை நோகடித்திருந்தது.

பர்த்தலோமேயு சீகன்பால்க் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கியபோது, டென்மார்க் அரசர் தந்த நியமனம் இருந்தது. வேலையை எப்படிச் செய்வது என்று காட்ட முன்மாதிரி இல்லை. அவர் ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, சிறுவர்களோடு தாமும் உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். பள்ளி தொடங்கினார், அச்சுக்கூடம் அமைத்தார், தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார், 1718-இல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்தார். ஒவ்வொன்றும் அந்தந்த நேரத்துத் தேவையைப் பார்த்துச் செய்தது.

கோபன்ஹேகனில் இருந்த மிஷன் சங்கத்தின் செயலாளர் வெண்ட் இதை ஏற்கவில்லை. அப்போஸ்தலர்கள் பையும் பணமும் இல்லாமல் ஊர் ஊராகப் போனார்கள். மிஷனெரியும் அப்படியே போகவேண்டும். கட்டடமும் பள்ளியும் செலவும் எதற்கு என்பது அவர் கட்சி. வேதத்தில் ஆதாரம் உள்ள முறைதான் அது. ஆனால் தஞ்சை மன்னரின் எல்லைக்குள் ஐரோப்பியர் நினைத்தபடி நுழைய முடியாத காலம். ஊர் ஊராகப் போ என்று கோபன்ஹேகனிலிருந்து எழுதிவிடலாம். தரங்கம்பாடிக் கோட்டையைத் தாண்டிச் சில மைல் போவதற்குள் வழி அடைபட்டுவிடும். கண்டனக் கடிதங்கள் சீகன்பால்கின் கடைசி நாட்களைக் கசப்பாக்கின. 1719 பிப்ரவரியில், 36 வயதில், அவர் காலமானார்.

அடைபட்டிருந்த வழி பிறகு வேறு விதமாகத் திறந்தது. தரங்கம்பாடியில் அச்சான நற்செய்தி நூல்கள் கைமாறிக் கைமாறித் தஞ்சைப் படையில் இருந்த ராஜநாயக்கன் என்பவரின் கைக்குப் போயின. அவர் படித்தார், மனம் மாறினார், பிறகு உபதேசியாராகித் தஞ்சை நாட்டுக்குள்ளேயே ஊழியம் செய்தார். கடலூர்க்காரரான ஆரோன் 1733 டிசம்பரில் போதகராக அபிஷேகம் பெற்றார். இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் போதகர் அவரே. வெள்ளைக்காரர் போக முடியாத மாயவரம் பக்கத்துக் கிராமங்களுக்கு அவர் போனார். வெண்டின் முறையிலும் இது இல்லை, சீகன்பால்கின் திட்டத்திலும் இல்லை.

இந்த அனுபவமெல்லாம் சேர்ந்த மிஷனுக்குத்தான் சுவார்ட்ஸ் வந்தார். வந்ததும் அவசரப்படவில்லை, தமிழ் நூல்களை ஆண்டுக்கணக்கில் படித்தார். 1762-இல் நடந்தே தஞ்சைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் போனார். திருச்சியில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பலர் இறந்தபோது, அநாதைகளான குழந்தைகளுக்காகப் பள்ளி ஏற்பட்டது. கோட்டைச் சிப்பாய்களுக்கு ஆராதனை நடத்த ஆள் இல்லாதபோது அதையும் ஏற்றார். கட்டிலும் ஆளும் மட்டும் கொள்ளும் ஓர் அறை, சோறும் காய்கறியும், சாயம் தோய்த்த கறுப்புப் பருத்தி அங்கி என்று வாழ்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1778-இல் தஞ்சைக்கே குடிவந்துவிட்டார்.

அடுத்த ஆண்டு சென்னை கவர்னர் ரம்போல்ட் ஆள் அனுப்பினார். ஹைதர் அலியின் மனத்தில் என்ன இருக்கிறது என்று அறிந்து, சமாதானமாக இருக்கவேண்டும் என்று சொல்லிவர ஸ்ரீரங்கப்பட்டணம் போகமுடியுமா என்று கேட்டார். சுவார்ட்ஸ் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஜெபிக்க அவகாசம் கேட்டார். பிறகு எந்தக் காரணங்களுக்காகப் போகத் தீர்மானித்தார் என்பதை அவரே எழுதிவைத்திருக்கிறார். இதில் சூது இல்லை, சமாதானமே நோக்கம். சுவிசேஷம் கேட்டறியாத இடங்களில் அதைச் சொல்ல வழி கிடைக்கும். கும்பெனி தமக்குச் செய்த உதவிகளுக்கு நன்றி காட்டியதாகவும் இருக்கும். கூடவே ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டார்: யாரிடமும் வெகுமதி வாங்கக்கூடாது.

தேவ நடத்துதலை நம்புவது என்றால் மனத்தில் தோன்றியதை எல்லாம் செய்துவிடுவது என்று எண்ணுகிறவர்கள் இந்த இடத்தில் நிற்கவேண்டும். சுவார்ட்ஸ் ஒரு முறையை விட்டபோது, நெறியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். இது யாருக்கு நன்மை, என் கை சுத்தமாக இருக்குமா, சுவிசேஷத்தைச் சொல்ல இடம் உண்டா என்று சோதித்துப் பார்த்த பிறகே அடி எடுத்து வைத்தார்.

உபதேசியார் சத்தியநாதனும் உடன் போனார். ஹைதர் அவர்களை மரியாதையோடு வரவேற்றார். வழியிலும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் ஐயர் பிரசங்கம் செய்தார். புறப்படும்போது ஹைதர் வழிச்செலவுக்கு 300 ரூபாய் கொடுத்தார். ஐயர் அதைச் சென்னை அரசிடம் ஒப்படைக்கப் போனார். நீரே வைத்துக்கொள்ளும் என்றார்கள். தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கு முதலாக்கினார்.

சமாதானம் வந்ததா என்றால், வரவில்லை. அடுத்த ஆண்டே போர் மூண்டது. தேவன் நடத்திய பயணம் என்றால் அது ஏன் தோற்றது என்று கேட்கத் தோன்றும். சுவார்ட்ஸ் அதற்கு விளக்கம் தேடிக்கொண்டிருக்கவில்லை. போர்க்காலப் பஞ்சத்துக்காக மலிவாக இருந்தபோதே நெல் வாங்கி வைத்து, பசித்தவர்களுக்குச் சோறு போட்டார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவரைப் பார்த்துப் பழகிய ஹைதரோ, இந்தப் பாதிரியாரைத் தடுக்கவேண்டாம், போகவர விடுங்கள் என்று தன் படைத்தலைவர்களுக்கு உத்தரவிட்டிருந்தார். எரியும் ஊர்களுக்கு நடுவே அவர் ஊழியம் தடைப்படாமல் நடந்தது.

போருக்குப் பிறகும் ஜனங்களுக்கு விடிவில்லை. வரிக் கொடுமை தாங்காமல் தஞ்சை நாட்டை விட்டு 65,000 பேர் வெளியேறினார்கள். நாற்றங்கால் விடும் பருவம் போய்க்கொண்டிருந்தது. மறுபடியும் ஐயரின் வாக்குத்தான் தேவைப்பட்டது. இனிக் கொடுமை நடக்காது என்று அவர் உறுதி கூறவும், ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினார்கள், மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். காலம் கடந்துவிட்டது, முடிந்தவரை உழையுங்கள் என்றார். நீங்கள் எங்களுக்குச் செய்த நன்மைக்கு இரவு பகலாகப் பாடுபடுவோம் என்று அவர்கள் சொன்னதாக அவரே எழுதியிருக்கிறார். வயல் விளைந்தது.

சபை வளர்ந்த விதமும் அப்படித்தான். திருநெல்வேலிச் சீமையில் ஊழியம் தொடங்க யாரும் திட்டம் போடவில்லை. பாளையங்கோட்டையில் இருந்த ஒரு மராத்திப் பிராமண விதவை ஞானஸ்நானம் கேட்டார். லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரியோடு திருமணமின்றி அவர் வாழ்ந்துவந்ததால் சுவார்ட்ஸ் மறுத்தார். அதிகாரி இறந்த பிறகு, 1778-இல், அவரைக் குளோரிந்தா என்ற பெயரில் சபையில் சேர்த்தார். அந்த அம்மாளின் முயற்சியில் 1785-இல் அங்கே ஆலயம் எழும்பியது. 1790-இல் சத்தியநாதனுக்குக் குருப்பட்டம் கொடுத்துப் பாளையங்கோட்டைக்கு அனுப்பினார்கள். தென்கோடியின் பெரிய திருச்சபை ஒரு விதவையின் விடாப்பிடியிலிருந்து கிளைத்தது.

தஞ்சை ரெசிடெண்ட் சலிவன் ஆங்கிலப் பள்ளிகளுக்கு யோசனை சொன்னபோதும் சுவார்ட்ஸ் தயங்கவில்லை. தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கையில் பள்ளிகள் ஏற்பட்டன. 1787-இல் கும்பெனி இயக்குநர்கள் பள்ளிக்கு ஆண்டுக்கு 250 வராகன் ஒதுக்கினார்கள். மதம் மாற்றும் சூழ்ச்சி எதுவும் அங்கே நடக்காது என்று பெற்றோருக்கு ஐயர் வாக்குக் கொடுத்தார், அதைக் காப்பாற்றினார்.

அதே 1787-இல் துளஜாஜி மரணப் படுக்கையில் தத்துப்பிள்ளை சரபோஜியை அவர் பொறுப்பில் விட நினைத்தார். சுவார்ட்ஸ் அந்தச் சுமையைத் தனியே ஏற்காமல், மன்னரின் தம்பி அமர்சிங்கை முன்னிறுத்தினார். அந்த முடிவு பிள்ளைக்குத் துன்பமாகவே முடிந்தது. அமர்சிங் தானே அரியணை ஏறி, சரபோஜியை அடைத்து வைத்தார். சுவார்ட்ஸ் விடாமல் வாதாடி 1793-இல் அவரைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார். சரபோஜி கிறிஸ்தவராகவில்லை, ஐயர் அவரைக் கட்டாயப்படுத்தியதும் இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். சாதி விஷயத்தில் சுவார்ட்ஸின் பொறுமை சபைக்குக் கேடு செய்தது. ஒரே ஆலயத்தில் வேளாளர் ஒரு பக்கமும் பறையர் மறு பக்கமும் உட்கார்ந்தார்கள். காலம் இதைக் கரைக்கும் என்று அவர் காத்திருந்தார். காலம் அதை உறையவைத்தது. நெல்லுக்காக ராஜாவின் அதிகாரிகளோடும் கும்பெனியோடும் வாதாடத் தயங்காதவர், சபைக்குள்ளே இருந்த இந்த அநீதியோடு மட்டும் நயமாக நடந்துகொண்டார். காத்திருப்பதும் கீழ்ப்படிவதும் ஒன்றாகிவிடாது என்பதற்குத் தஞ்சைச் சபையின் இருக்கைகள் சாட்சி.

1798 பிப்ரவரி 13 அன்று சுவார்ட்ஸ் தஞ்சையில் காலமானார். அதே ஆண்டு ஜூனில் சரபோஜி முடிசூடினார். தம் குருவுக்காக லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனிடம் சலவைக்கல் சிற்பம் செய்யச் சொல்லி வரவழைத்தார். சிவகங்கைக் குளத்தருகே, 1779-இல் கட்டப்பட்ட ஆலயத்தில் அதை இன்றும் பார்க்கலாம். கல்லில் பொறித்த ஆங்கில இரங்கற்பா மன்னரே இயற்றியது.

ஐயர் போன பிறகு வந்த மிஷனெரிகள் எதையும் விதியாக எழுதிவைக்க விரும்பினார்கள். 1833-இல் சாதி வேறுபாட்டைக் கைவிடச் சொல்லிப் பேராயர் டேனியல் வில்சன் பிறப்பித்த உத்தரவு நியாயமானது. ஆனால் அதே காலத்து விதிகள் தமிழ் ஆராதனையிலும் பாட்டிலும் கை வைத்தன. பன்னிரண்டு வயதில் சுவார்ட்ஸ் கைப்பிடித்துத் தஞ்சைக்கு அழைத்துவந்த ஒரு சிறுவன், பிற்காலத்தில் சரபோஜியின் அவைப் புலவரானவர், அந்த விதிகளோடு மோதினார். வேதநாயக சாஸ்திரியாரின் அந்த வழக்கை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)