நாடகக் காசும் போர்க் காசும்

கலை வளர்ப்பதற்கு அரசு பொருள் கொடுத்தல் வேண்டுமா? வேண்டுமெனின், நாட்டுக்கு ஆபத்து நேர்ந்த காலத்தும் அப்பொருளைத் தொடாது வைத்தல் தகுமா? இவ்வினா இன்று நேற்று எழுந்ததன்று. 2,300 ஆண்டுகளுக்கு முன்னரே கிரேக்க தேசத்து ஏதென்ஸ் நகரிலே இதன்பொருட்டு மக்கள் இரு கட்சிப்பட்டு வாதாடினர். அவ்வரலாற்றை ஒருமுறை நினைவுகூர்தல் நமக்கும் பயன் தரும்.

ஏதென்ஸ் மக்களுக்கு நாடகம் வெறும் பொழுதுபோக்கன்று. தெய்வ வழிபாட்டின் ஓர் அங்கம். ஆண்டுதோறும் இளவேனிற் காலத்திலே தியோனீசுஸ் என்னுந் தெய்வத்துக்குப் பெருவிழா எடுத்தனர். அக்குரோபொலிஸ் குன்றின் தென்சாரலில் அமைந்த அரங்கிலே மூன்று புலவர்கள் தத்தம் அவலநாடகங்களை அரங்கேற்றிப் பரிசுக்குப் போட்டியிட்டனர். பாடகர் குழுவைப் பயிற்றும் செலவைச் செல்வர் ஒருவர் ஏற்றார். அவரைக் 'கொரேகோஸ்' என்றழைத்தனர். நம் கோயில் திருவிழாக்களிலே உபயகாரர் இருப்பது போன்றதே இது. ஆயின், உபயத்தை நம்மவர் விரும்பி ஏற்பர், அங்கோ நியமனம் பெற்றவர் மறுப்பது எளிதன்று. கி. மு. 472இல் ஈஸ்கிலஸ் 'பாரசீகர்' என்னும் நாடகத்தை அரங்கேற்றியபோது கொரேகோஸாக நின்றவர் பிற்காலத்தில் பெருந்தலைவராய் விளங்கிய பெரிக்கிளிஸ்.

அரங்கிற் புகுவதற்கு இரண்டு ஒபோல் கட்டணம். நீதிமன்றத்தில் நாள் முழுவதும் அமர்ந்த நடுவனுக்கே மூன்று ஒபோல்தான் படி என்றால், ஏழைக்கு அது சிறு தொகையன்று. ஆதலின் வறியவனும் செல்வனோடு சமமாக அமர்ந்து நாடகம் காணட்டும் என்று, திறைசேரியிலிருந்து காசு பங்கிடப்பட்டது. இதற்கென ஏற்பட்ட நிதியின் பெயர் 'தியோரிக்கோன்'. இதனைத் தொடங்கியவர் பெரிக்கிளிஸ் என்று புளூட்டாக் எழுதினார். பிற்பட்ட காலத்ததே என்பர் ஆராய்ச்சியாளர் பலர்.

கி. மு. 355இல் தோழமை நகரங்களோடு நடத்திய போர் தோல்வியில் முடிந்தது, திறைசேரி வறண்டது. அதன்பின் நிதிப்பொறுப்பில் மேலோங்கிய யூபுலஸ் என்பார், ஆட்சிச் செலவு போக மிஞ்சுவதெல்லாம் இந்நிதிக்கே சேருமாறு செய்தார். அவர் ஊதாரியல்லர். வீண் போர்களை விலக்கினார், வருவாயைப் பெருக்கினார், தெருக்களும் கப்பற்றுறைகளும் அவர் காலத்தில் திருத்தமுற்றன.

இந்நிலையிலேதான் வடக்கே மக்கெதோனிய மன்னன் பிலிப்பு எழுந்தான். கி. மு. 349இல் அவன் ஒலிந்தஸ் நகரை நெருக்க, அந்நகரத்தார் ஏதென்ஸின் உதவியை நாடினர். மகாசபையிலே டெமொஸ்தனீஸ் எழுந்தார். படைக்குப் பணம் இல்லையென்று வருந்துகிறீர்கள்; பணம் உண்டு, அதை விழாக்களிலே பங்கிட்டுக்கொள்கிறீர்கள் என்றார். சட்டத்தை மாற்றுங்கள் என்று மூன்றாஞ் சொற்பொழிவிலே வெளிப்படையாகவே கேட்டார். கையேந்திப் பழகிய மக்கள் தலைமையை இழப்பர் என்பது அவர் அச்சம்.

மறுதரப்பாரிடமும் நியாயம் இருந்தது. கப்பலிலே துடுப்பு வலிப்பவன் ஏழைப் பிரஜை. வெற்றியின் பெரும்பயனை நுகர்பவன் செல்வன். விழாக் காசு ஒன்றே அவ்வேழைக்கு அரசினிடமிருந்து உரிமையோடு கிடைத்த பங்கு. அதையும் பறித்தால் இந்நாடு எனது என்னும் எண்ணம் அவனுக்கு எங்ஙனம் நிலைக்கும்? இந்நிதியே மக்களாட்சியை ஒட்டவைக்கும் பசை என்று தெமாதெஸ் என்னும் பேச்சாளர் சொன்னதாகப் புளூட்டாக் குறிக்கிறார்.

அப்பொலோடோரஸ் என்பார் துணிந்து ஒரு தீர்மானங் கொண்டுவந்தார். மிச்சப்பணம் விழாவுக்கா போருக்கா என்பதை மக்களே வாக்களித்து முடிவுசெய்யட்டும் என்பதே அது. மக்கள் போருக்கே என்றனர். ஆனால் அத்தீர்மானம் சட்டவிரோதமென வழக்குத் தொடரப்பட்டது. வழக்காளி 15 தாலந்து தண்டம் கேட்க, நீதிமன்றம் ஒரு தாலந்து விதித்தது. தீர்மானமும் தள்ளுண்டது. கி. மு. 348இல் ஒலிந்தஸ் வீழ்ந்தது. பிலிப்பு அந்நகரைத் தரைமட்டமாக்கி, மக்களை அடிமைகளாக விற்றான்.

ஒன்பது ஆண்டுகள் கழிந்தபின், கி. மு. 339இல், டெமொஸ்தனீஸின் தீர்மானப்படி அப்பணம் போருக்குத் திரும்பியது. காலங் கடந்துவிட்டது. அடுத்த ஆண்டு கைரோனேயாப் போர்க்களத்திலே ஏதென்ஸ் தோற்றது.

ஆகவே ஏதென்ஸை அழித்தது நாடகமா? புளூட்டாக் அப்படித்தான் கருதினார். போர்களுக்குச் செலவிட்டதிலும் நாடகத்துக்கே மிகுதியாகச் செலவிட்டனர் என்று குறைகூறினார். இக்கால ஆராய்ச்சியாளர் கணக்கோ வேறு. தியோனீசுஸ் பெருவிழா ஒன்றுக்குச் செல்வர் கொடுத்ததும் அரசு கொடுத்ததும் சேர்ந்து ஏறத்தாழ 30 தாலந்து. படைக்கு ஆண்டுதோறும் சென்றது அதனிலும் பன்மடங்கு.

டெமொஸ்தனீஸும் கலையின் பகைவரல்லர். கி. மு. 348இலே தம் குலத்துப் பாடகர் குழுவுக்குத் தாமே முன்வந்து கொரேகோஸாக நின்றார். அவ்விழா அரங்கிலேயே பகைவனொருவனிடம் அடியும் பட்டார். தோல்விக்குப் பின்னர், தாம் எதிர்த்த அதே விழா நிதிக்கு அதிகாரியாகவும் அமர்ந்தார். அக்காலத்தில் நிதியை ஆண்ட லைக்கேர்கஸ் கப்பற்படையையும் பெருக்கினார். அரங்கைக் கல்லினாற் கட்டி முடித்தார். ஈஸ்கிலஸ், சொபொக்கிளிஸ், யூரிப்பிடீஸ் மூவரின் நாடகங்களைப் பிழையற எழுதி அரசின் காவலில் வைக்கச் சட்டமும் செய்தார். தோற்ற நகரம் தன் நாடகத்தைக் கைவிடவில்லை.

இவ்வரலாறு கற்பிப்பது யாது? கலைக்குப் பொருள் கொடுத்தது குற்றமன்று. அப்பொருளைப் பற்றி வாய்திறப்பதே குற்றமென ஆக்கியதுதான் குற்றம். தண்டனைக்கு அஞ்சி வாதம் அடங்கிய சபையிலே, காலத்துக்கேற்ற முடிவு காலத்தில் வருவதில்லை. கலைக்கென ஒதுக்கிய காசு ஒவ்வோர் ஆண்டும் மக்கள் முன்னிலையிலே கேள்விக்கு விடை சொல்லட்டும். படைக்கென ஒதுக்கிய காசும் அவ்வாறே விடை சொல்லட்டும். கேட்பதற்கு இளைஞருக்குத் துணிவும், கேட்டதைப் பொறுப்பதற்கு முதியோருக்குப் பெருந்தன்மையும் உள்ள இடத்திலே அரங்கும் நிலைக்கும், அரணும் நிலைக்கும்.