குதிரையும் கோர்ட்டும்

போன மே மாசம் இங்கே நியூஜெர்சியில் கென்டக்கி டெர்பியை டிவியில் பார்த்தபோது பெங்களூர் மாமா ஞாபகம் வந்தது. சம்பளக் கவரை அப்படியே ரேஸ் கோர்ஸ் ரோட்டில் தொலைத்தவர். (அத்தை இன்னும் மன்னிக்கவில்லை!)

இப்படிப்பட்ட குடும்பங்களின் பெயரைச் சொல்லித்தான் 1974-ல் கலைஞர் அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. மெட்ராஸ் ரேஸ் கிளப் கோர்ட்டுக்குப் போனது. வழக்கு இழுத்து இழுத்து, 1996 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது: குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் லாவகம் எல்லாவற்றையும் எடைபோட்டுத்தான் பணம் கட்டுகிறார்கள். ஆகவே இது திறமை விளையாட்டு, சூதாட்டம் இல்லை. பிற்பாடு ஆன்லைன் ரம்மிக்காரர்களும் இதே தீர்ப்பைத்தான் தூக்கிப் பிடித்தார்கள்.

ஆனால் சண்டை ஓயவில்லை. 2024-ல் பெங்களூர் டர்ஃப் கிளப்புக்கு கர்நாடக அரசு லைசென்ஸ் மறுக்க, விஷயம் ஹைகோர்ட் ஏறியது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 40 சதவீதம் ஆனது. அதாவது, வரி போடும்போது மட்டும் கேசினோவோடு ஒரே வரிசை!

போனில் மாமாவிடம் அந்த 1996 தீர்ப்பைச் சொன்னேன்.

"திறமைதான்டா, யார் இல்லைன்னா? ஆனா அது புக்கிகிட்ட இருந்துச்சு" என்றார்.